ஃபெயில்2பேன்: 'டோட்டல் ஃபெயில்ட் 0' என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்

புதிதாக விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்தவரிடம் எல்லோரும் கேட்பது 'ஃபெயில்2பேன் போட்டாச்சா?' என்றுதான். உள்நுழைவில் திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளை லாகில் (பதிவுகளில்) கண்டுபிடித்து ஃபயர்வாலில் தடுக்கும் மென்பொருள் அது. போடுவது இரண்டு நிமிஷ வேலை. போட்டது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் வருஷக்கணக்கில் இழுக்கிறது. டெபியன் லினக்ஸின் 11, 12, 13 மூன்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. என் குறை மாறவில்லை. கெட்டுப்போனால் இது சத்தம் போடாது.

ஃபெயில்2பேன் கிளையன்டில் எஸ்எஸ்ஹெச்டி ஜெயிலின் (எஸ்எஸ்ஹெச் எனும் தொலை உள்நுழைவுச் சேவையைக் கவனிக்கும் விதித்தொகுப்பின்) ஸ்டேட்டஸைக் கேட்டால், டோட்டல் ஃபெயில்ட் என்று, அது பார்த்த தோல்விகளின் எண் வரும். பொது முகவரியில் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட் திறந்திருக்கும் சர்வரில் ரூட், அட்மின், டெஸ்ட் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். இரண்டு நாள் ஓடிய பிறகும் அந்த எண் 0 என்றால் ஊர் திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. காவலாளிக்குக் காது கேட்கவில்லை.

டெபியன் 12-இல் நடந்ததைப் பாருங்கள். லாகைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை, அதனால் உள்நுழைவுகளைப் பதியும் ஆத்.லாக் கோப்பே கிடையாது. ஃபெயில்2பேன் 'லாக் கோப்பு இல்லை' என்று சொல்லிக் கிளம்ப மறுக்கும். இது நேர்மையான தோல்வி, பாராட்டலாம். கெடுப்பது இணையத்தில் சுற்றும் வைத்தியம்தான்: 'காலியாக ஓர் ஆத்.லாக் உருவாக்கிவிடு' என்பார்கள். உருவாக்கினால் சர்வீஸ் பச்சையாக ஓடும். யாரும் எழுதாத கோப்பை ஆயுசுக்கும் படித்துக்கொண்டிருக்கும். சரியான வழி, ஃபெயில்2பேனின் ஜெயில்.லோக்கல் கோப்பில் பேக்எண்ட் என்பதை சிஸ்டம்டி என்று மாற்றி (அப்போது கோப்புக்குப் பதில் சிஸ்டம்டியின் ஜர்னலைப் படிக்கும்), பைதான்3-சிஸ்டம்டி பேக்கேஜும் இருக்கிறதா என்று பார்ப்பது.

அடுத்த அடி 2024 ஜூலையில், எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் 9.8 பதிப்பு வந்தபோது விழுந்தது. ஒரே எஸ்எஸ்ஹெச்டியாக இருந்ததை இரண்டாகப் பிரித்தார்கள். தவறான உள்நுழைவுப் பதிவுகள் 'எஸ்எஸ்ஹெச்டி-செஷன்' என்ற பெயரில் வர ஆரம்பித்தன. லாக் வரிகளை அடையாளம் காணும் ஃபெயில்2பேனின் பழைய ஃபில்டருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜர்னலில் வரிகள் கொட்டும், எண் மட்டும் 0-விலேயே நிற்கும். ஃபில்டரில் உள்ள டீமன் பெயர், ஜர்னல் மேட்ச் இரண்டையும் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

இதைவிட மோசம், எண் சரியாக ஏறியும் தடை விழாமல் இருப்பது. லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் கான்ஃபிக் கோப்பின் தொடக்கத்திலேயே 'ஃப்ளஷ் ரூல்செட்' (எல்லா விதிகளையும் துடை) இருக்கும். ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு ரீலோடு கொடுத்தால், ஃபெயில்2பேன் போட்ட டேபிளும் சேர்ந்தே துடைக்கப்படும். அதற்கோ தான் 14 பேரைத் தடுத்து வைத்திருப்பதாகவே நினைப்பு. தடுத்த முகவரி திரும்ப வந்தால் லாகில் 'ஆல்ரெடி பேன்டு' என்று விழும். புதிய பதிப்புகள் அப்போதுதான் சந்தேகப்பட்டுச் சரிபார்க்கும். ஃப்ளஷ் வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் டேபிளின் பெயரிலேயே ஒரு காலி டேபிளை அறிவித்து, அடுத்த வரியில் அதை டெலீட் செய்து, பிறகு முழுதாக எழுதுங்கள். காலி அறிவிப்பு இல்லாவிட்டால் முதல் பூட்டில் டெலீட் பிழை தரும்.

நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் வேறு கதை. கன்டெய்னருக்குப் போகும் பாக்கெட், ஃபெயில்2பேன் இயல்பாகத் தடை போடும் இன்புட் செயினையே (விதி வரிசையையே) தொடாது. செயினை டாக்கர்-யூசர் என்று மாற்ற வேண்டும். அந்த இடத்தில் போர்ட் எண் ஏற்கெனவே கன்டெய்னரின் எண்ணாக மாறியிருக்கும் என்பதால், எல்லா போர்ட்டையும் சேர்த்துத் தடுக்கும் ஆல்போர்ட்ஸ் ஆக்‌ஷன்தான் உத்தமம்.

இத்தனை திட்டினாலும் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர்கள் பக்கம் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. எஸ்எஸ்ஹெச்சில் போல மெயிலில் எல்லோரையும் சாவிக் கோப்புக்கு மாற்ற முடியாது, பாஸ்வேர்டுதான். பேன்டைம் இன்க்ரிமென்டைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தண்டனை இரட்டிப்பாகும். விடாப்பிடியானவர்கள் ஓரிரு நாளில் காணாமல் போவார்கள். ஒரே எச்சரிக்கை: பாஸ்வேர்டு மாற்றிய பிறகு பழையதோடு கிடக்கும் ஒரே ஒரு போன் போதும், எல்லோரும் ஒரே பொது முகவரியில் இருப்பதால் முழு அலுவலகமும் வெளியே நிற்கும். அலுவலகத்தின் நிலையான முகவரியை இக்னோர்ஐபியில் (தடுக்கக் கூடாத முகவரிப் பட்டியலில்) முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

ஸ்டேட்டஸை நம்பாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. மொபைல் டேட்டாவில் இருந்து, சர்வரில் இல்லாத ஒரு யூசர் பெயரில் ஐந்தாறு முறை எஸ்எஸ்ஹெச் செய்யுங்கள். அடுத்த முயற்சியில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வர வேண்டும். மறுபடி பாஸ்வேர்டு கேட்டாலோ 'பெர்மிஷன் டினைடு' வந்தாலோ மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இதைச் செய்யும்போது வேறு இணைப்பில் ஒரு செஷன் திறந்தே இருக்கட்டும். கர்னல் அப்டேட்டோ ஃபயர்வால் மாற்றமோ முடிந்தால் மறுபடி ஒரு தடவை.

சரி, போடலாமா? டெபியன் 13, எஸ்எஸ்ஹெச் மட்டும், சாவி மட்டும் என்றால் வேண்டாம், கழற்றிவிடுங்கள். 9.8 முதல் ஓபன்எஸ்எஸ்ஹெச்சே, தொல்லை தரும் முகவரியைச் சிறிது நேரம் மறுக்கும் பெர்சோர்ஸ்பெனால்டீஸ் என்று தன் காவலைத் தானே பார்த்துக்கொள்கிறது, லாகைப் படித்து ஊகிக்கும் வேலையே இல்லை. ஆனால் பாஸ்வேர்டு உள்நுழைவு நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி விருப்பத்தோடு (-T) ஓட்டிப் பாருங்கள், அமலில் உள்ள அமைப்பைக் காட்டும். உபுண்டு கிளவுட் இமேஜ்களில் 50-கிளவுட்-இனிட் என்ற துணைக் கோப்பு 'யெஸ்' என்று எழுதி வைத்திருக்கலாம். முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால் முதன்மைக் கோப்பில் நீங்கள் எழுதிய 'நோ' வீண்.

மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் திட்டிக்கொண்டே வைத்திருங்கள். திரும்பத் திரும்பத் தடைபடுபவர்களுக்கு நீண்ட தடை போடும் ரெசிடிவ் ஜெயிலையும் திறப்பதானால், பழைய பதிவுகளை எப்போது அழிப்பது என்று சொல்லும் டிபிபர்ஜ்ஏஜ் இயல்பாக 1 நாள்தான். 648000 விநாடியாக, அதாவது ஏழரை நாளாக உயர்த்துங்கள். இல்லையென்றால் ஒரு வாரத் தடை போட்ட ஆளின் பதிவையே மறுநாள் மறந்துவிடலாம்.