ரோட் வயர்லெஸ் கோ 2: பெண் செய்தித் தொடர்பாளர்களுக்கு ஒத்துவருமா?

கட்சிக்காகத் தினமும் கேமரா முன் நிற்கும் பெண்கள் இந்த மைக்கைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் புடவையை மனதில் வைத்துச் செய்த பொருள் இல்லை. குரலை வாங்கி அனுப்பும் சுமார் 30 கிராம் டிரான்ஸ்மிட்டரை முந்தானையில் மாட்டினால் பட்டு தொங்கிவிடும். கை உயரும்போதெல்லாம் சரசரவென்று உரசும். தனியாக ஒரு காலர் மைக் வாங்கி 3.5 மி.மீ. துளையில் செருகி, ரவிக்கைக் கழுத்தோரம், சங்கிலி இடிக்காத பக்கமாக மாட்டுங்கள். டிரான்ஸ்மிட்டர் இடுப்பின் பக்கவாட்டில், சற்று முன்னால் இருக்கட்டும். முதுகுப்புறம் போனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை உடம்பே மறைத்து, பேச்சு விட்டுவிட்டு வரும். மறுப்பு அறிக்கையில் ஒரு 'இல்லை' விழுந்துபோனால் அர்த்தமே தலைகீழ்! டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி அங்கேதான் காப்பாற்றும். ரோட் சென்ட்ரல் செயலியில் அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். பேட்டரி 7 மணி நேரம்.