ஜிஆர்இ: வீட்டில் எழுதுவதா, மையத்துக்குப் போவதா?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் ஜிஆர்இ தேர்வை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை வீட்டில் என் கணினியில், நாலு வாரம் கழித்து தேர்வு மையத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மையத்தின் பக்கம். காரணம் ஒரே ஒரு பொருள்: ரஃப் தாள். பதிவு செய்யும்போது தேதி, நேரம், தூரம் எல்லாம் யோசித்தேன், எதில் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை. நீங்களாவது யோசியுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வு இரண்டு இடத்திலும் ஒன்றேதான். 2023 செப்டம்பரில் சுருக்கிய பிறகு மொத்தமே 1 மணி 58 நிமிடம். முதலில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை, அப்புறம் வெர்பல் (ஆங்கில மொழித்திறன்) இரண்டு பகுதி, குவான்ட் (கணிதம்) இரண்டு பகுதி, நடுவில் இடைவேளை கிடையாது. வெர்பலுக்கும் குவான்டுக்கும் தனித்தனியாக 130 முதல் 170 வரை மதிப்பெண், 5 வருடம் செல்லும். வீட்டில் கேள்வி சுலபமாக வரும், மையத்தில் கஷ்டமாக வரும் என்ற பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டின் வசதி தெரிந்ததுதான். பயணம் இல்லை, ராத்திரி பதினொன்றுக்குத்தான் மூளை விழிக்கும் என்றால் அந்த நேரத்துக்கே பதிவு செய்யலாம், கட்டுரையை நம் கைக்குப் பழகிய கீபோர்டில் அடிக்கலாம். பதிலுக்கு அறையில் தனியாக இருக்க வேண்டும், கேமராவில் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒரே திரைதான், ஹெட்போன் கூடாது, கட்டிலில் சாய்ந்துகொண்டும் எழுத முடியாது. மையத்தில் பையையும் போனையும் வைத்துவிட்டுச் சோதனைக்கு நின்றுவிட்டு உள்ளே போக வேண்டும். இவை எல்லாம் முதல் பத்து நிமிடத் தொந்தரவு, கேள்வி திரையில் வந்ததும் மறந்துபோகும்.

மறக்காதது எழுதும் பரப்பு. வீட்டில் காகிதத்தில் நேராக எழுதக் கூடாது. ஒரு சின்ன ஒயிட்போர்டு வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளைச் செருகி அதன்மேல் அழியும் மார்க்கரால் எழுதலாம். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்ததைக் கண்காணிப்பவருக்குக் காட்ட வேண்டும். மையத்தில் அவர்களே தாளும் பென்சிலும் தருகிறார்கள், தீர்ந்தால் கை தூக்கிக் கேட்டு இன்னும் வாங்கிக்கொள்ளலாம், வெளியே மட்டும் கொண்டுவர முடியாது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். சந்தேகமான கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து விடையை மாற்றலாம். குவான்டின் இரண்டாம் பகுதியில் 15 கேள்விக்கு 26 நிமிடம், அதாவது கேள்விக்கு 104 நொடி. நன்றாகப் பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கடைசியில் மிஞ்சும். நான் தயாரித்ததே அந்த மூன்று நிமிடத்தை நம்பித்தான், குறித்து வைத்த கேள்விகளுக்கு அப்போது வரலாம் என்று.

வீட்டில் என்ன நடந்தது என்றால், என் போர்டு நாலு ஐந்து கணக்கிலேயே நிறைந்துவிட்டது. மார்க்கர் முனை தடிமன், எழுத்து தானாகப் பெரிதாகிறது, அடுக்குக்குறிக் கணக்கில் 3-இன் தலையில் போட்ட 20 வெறும் கருப்புப் பொட்டாகத் தெரிகிறது. ஆறாவது கேள்விக்கு வரும்போது துணியால் துடைத்தேன். குறித்து வைத்த நாலாவது கேள்வியின் பாதிக் கணக்கும் அதோடு போய்விட்டது. கடைசியில் திரும்பி வந்தபோது திரையில் கேள்வி இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை. முதல் வரியிலிருந்து போட வேண்டும், மீதம் இருந்தது 70 நொடி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நான் இடக்கைக்காரன். எழுத எழுத உள்ளங்கை பின்னாலேயே வந்து முந்திய வரியை இழுத்துக்கொண்டு போகும். ஒரு 7 அப்படி அழிந்து 1 ஆனதை நான் கவனிக்கவில்லை, விடைத் தெரிவுகளில் என் விடை இல்லாதபோதுதான் தெரிந்தது. வலக்கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறையும். போர்டு நிறைவதும் துடைப்பதும் எல்லாருக்கும் பொதுதான்.

மையத்தில் தாள் கைக்கு வந்து தேர்வு தொடங்கியதும், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டு நாலு கட்டமாக்கினேன். கட்டத்துக்கு ஒரு கேள்வி, மூலையில் கேள்வி எண், திரும்ப வேண்டியதென்றால் எண்ணைச் சுற்றி வட்டம். அந்த இரண்டாம் பகுதியில் 6, 11 இரண்டுக்கும் வட்டம் போட்டிருந்தேன். கடைசி இரண்டரை நிமிடத்தில் தாளைத் திருப்பினால் 11-இன் சமன்பாடு அப்படியே நின்றது. மூன்றாவது வரியில் கழித்தல் குறியைத் தவறவிட்டிருந்தேன், கண்ணில் பட்டதும் விடை வந்துவிட்டது, இருபது நொடிகூட ஆகவில்லை. போட்ட வழி காகிதத்தில் இருந்தால்தான் பிழை எந்த வரியில் என்று தேட முடியும். குவான்டில் முதல் பகுதியைச் செய்த விதத்தைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது என்பதால், முதல் பகுதியில் இப்படி மீட்கும் ஒரு கேள்விக்கு இன்னும் மதிப்பு.

என் குவான்ட் மதிப்பெண் 161-இலிருந்து 166 ஆனது. அது முழுவதும் தாளால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் நாலு வாரம் கூடுதலாகப் படித்தேன், முதல் தடவையின் பதற்றமும் போயிருந்தது. இரண்டே தடவை எழுதியவரின் அனுபவம் இது, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெர்பலில் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான், அங்கே எனக்கு ரஃப் தாளே பெரிதாகத் தேவைப்படவில்லை. மொழி, வரலாறு மாதிரி குவான்டை அவ்வளவாகப் பார்க்காத துறைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் காரணம் பாதி வலுவிழந்துவிடும், அவர்கள் வீட்டிலேயே நிம்மதியாக எழுதலாம். மையம் எட்டாத தூரத்தில் இருக்கிறவர்கள், பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் விண்ணப்பிக்கும் படிப்பின் சேர்க்கை விதிகளில் வீட்டில் எழுதியது ஏற்கப்படுமா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வீடுதான் என்று முடிவானால் தயாரிப்பை அன்றே மாற்றுங்கள். நான் மூன்று மாதம் கோடு போட்ட நோட்டில் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வன்று மார்க்கரைத் தொட்டேன், செய்த தவறு அதுதான். மெல்லிய முனை மார்க்கர் வாங்குங்கள். கடைசி மூன்று வாரமாவது போர்டிலேயே போட்டுப் பழகுங்கள். வலது ஓரத்தில் ஒரு பட்டையைத் தனியாக விட்டு, குறித்து வைத்த கேள்வியின் எண்ணையும் அது எந்தச் சமன்பாட்டில் நிற்கிறது என்பதையும் மட்டும் அங்கே எழுதுங்கள், துடைக்கும்போது அந்தப் பட்டையைத் தொடாதீர்கள். ஜிஆர்இயின் அதிகாரபூர்வப் பயிற்சித் தளமான பவர்பிரெப்பில் இலவசமாக இரண்டு மாதிரித் தேர்வுகள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றையாவது நோட்டைத் தூர வைத்துவிட்டு எழுதுங்கள். அதேபோல மையத்துக்குப் போகிறவர்கள் வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள், பேனாவில் பழகிவிட்டுப் போனால் பென்சில் மழுங்க மழுங்க எரிச்சல் வரும்.

தேதி விஷயத்தில் ஒன்று. மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்துக்குள் 5 தடவைதான். அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள். விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஐந்து வாரம் முன்னாலேயே முதல் தேதியைப் போட்டுவிடுங்கள். மையத்தில் நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விட்டால் கடைசி வழியாகத்தான் வீடு மிஞ்சும், என் முதல் தடவை அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.