மாவு ஆலைக் கழிவுநீரில் எரிவாயு எடுத்துத் தருவதாகச் சொல்லி 14 லட்சம் ரூபாய் வாங்கிப் போனார்கள்

திருமங்கலம் பக்கம் சிறிய மக்காச்சோள ஸ்டார்ச் ஆலை நடத்துகிறோம். கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஜெனரேட்டரை ஓட்டுவதாகவும், மிஞ்சும் நீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து ஆலைக்கே திருப்பித் தருவதாகவும் சொன்ன ஒருவர், இன்று 14 லட்சம் ரூபாயோடு கைகழுவிவிட்டார். இயந்திரங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில், ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற பச்சை முத்திரையோடு இருந்தவர் அவர்.

ஒரு கிலோ சி.ஓ.டி. (கழிவுநீரில் உள்ள கரிம அழுக்கின் அளவீடு) நீங்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும் என்றார். அது பாடநூல் கணக்கு, பொய்யில்லை. வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்காலில் இறங்கி, மக்காச்சோளம் ஊறிய நீரைக் கையில் அள்ளி முகர்ந்து, “அண்ணே, இவ்வளவு காசையும் கண்மாய்ப் பக்கம் விடுறீங்களே” என்றார். அந்தப் பேச்சில்தான் என் தம்பி காசோலையை எடுத்தான். ஆனால் அந்த நீரில் ஒரு பாட்டில்கூட ஆய்வகத்துக்குப் போகவில்லை.

மக்காச்சோளம் ஊறும் நீரில் கந்தக டை ஆக்சைடு கலப்பது ஸ்டார்ச் ஆலைகளில் பொதுவான வழக்கம். அந்தக் கந்தகம், எரிவாயு உண்டாகும் காற்றில்லாத கலனுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி, எரிவாயுவோடு சேர்ந்து வந்து என்ஜினை அரிக்கும். அதை நீக்குவதற்கென்று விலைப்பட்டியலில் தனித் தொகை போட்டிருந்தார்கள்; மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாத நீல டிரம். ஏற்கெனவே இயங்கும் எரிவாயுக் கலனிலிருந்து நுண்ணுயிர் நிறைந்த முதிர்ந்த சேறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, சாணக் கரைசலை ஊற்றிவிட்டு மறுநாளே முழு அளவு கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள். ஸ்டார்ச் நீர் சீக்கிரம் புளிக்கும்; மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு பி.எச். (குறைந்தால் புளிப்பு கூடும் அளவு) ஏறத்தாழ 7 வேண்டும், எங்கள் கலனில் அது 5-க்கு இறங்கியது. வந்த கொஞ்ச வாயுவும் என்ஜினைக் கெடுத்ததோடு சரி. ஆர்.ஓ. வந்து சேரவே இல்லை.

கேட்டபோது முதலில் “பொறுங்கள், பழகட்டும்” என்றார். பிறகு உங்கள் தண்ணீரில்தான் கோளாறு என்றார். இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, புகாருக்கான கெடு முடிந்தது” என்று இணையச் சந்தை கைவிரித்துவிட்டது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக நுகர்வோராக ஏற்பதில்லை. 14 லட்சம் ரூபாய்க்கு எங்களிடம் இருப்பது ஒரு ரசீதும் நாறும் தொட்டியும்தான்.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. கழிவுநீரில் சல்ஃபேட் (கந்தகச் சேர்மம்) அளவு பார்க்காமல் விலை சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். பச்சை முத்திரையை நம்பாதீர்கள். அவர் அமைத்து ஓடும் ஆலையை நேரில் போய்ப் பாருங்கள். வாயு மீட்டர் ஓடும்வரை பாதிப் பணத்தையாவது பிடித்து வையுங்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.