கொழும்பில் சல்சா: எங்கே பழகுவது, எதை ஆடுவது

சல்சா என்ற சோடி நடனம் பழகப் போகிறேன் என்று சொன்னால், ஏற்கெனவே ஆடுகிறவர்கள் உடனே கேட்பது "எந்த ஸ்டைல்?" என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கிழமைக்கு எத்தனை புது ஆட்களோடு ஆடக் கிடைக்கும்? மேடைச் சல்சாவுக்கு ஒத்திகை இருக்கும். கிளப்பில் ஆடும் சல்சாவுக்கு அது கிடையாது. எந்தப் பாட்டு வரும், யார் கையை நீட்டுவார், அடுத்த சுற்று எந்தப் பக்கம் என்று எதுவும் முன்கூட்டித் தெரியாது. கையில் வரும் சின்ன அழுத்தத்தை வைத்தே எல்லாம் நடக்கும். யூரியூப், தனிப்பயிற்சி, குழு வகுப்பு மூன்றையும் இந்த அளவுகோலால் அளந்தால் முடிவு சுலபம்.

யூரியூப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். காசில்லை, வெட்கமில்லை, வெள்ளவத்தை அனெக்ஸ் அறையில் கதவைச் சாத்திவிட்டு ஆடலாம். ஒன்று-இரண்டு-மூன்று, நான்கில் இடைவெளி, ஐந்து-ஆறு-ஏழு, எட்டில் இடைவெளி என்ற அடிப்படைக் காலடி இரண்டு மூன்று மாலைகளில் பிடிபடும். காதைப் பழக்கவும் அது நல்லது. நிமிடத்துக்கு 180 தாள அடியைத் தாண்டும் சல்சாப் பாட்டுகள் சாதாரணம், அந்த வேகம் முதலில் காதுக்குள் போகவேண்டும். ஆனால் கை பழகாது. அதோடு யூரியூப்பின் வேலை முடிந்தது.

தனிப்பயிற்சி காசு கூட. அதைவிடப் பெரிய சிக்கல், பழக்குபவர் மிக நன்றாக ஆடுவார் என்பது. நீங்கள் பிந்திக் கையை உயர்த்தினாலும், பிழையான பக்கம் இழுத்தாலும், நீங்கள் நினைத்ததை ஊகித்து ஆசிரியை அழகாகச் சுற்றி வந்துவிடுவார். நமக்கு ஆட்டம் வந்துவிட்டது என்று நம்பி கிளப்புக்குப் போனால், அங்கே எதிரில் நிற்பவருக்கு ஒன்றுமே விளங்காது. கலியாண ரிசெப்ஷனில் மாப்பிள்ளை பொம்பிளை ஒரு பாட்டுக்கு ஆடவேண்டும் என்றால் தனிப்பயிற்சிதான் சரி. தேதி குறித்த வேலை அது. ஏற்கெனவே ஆடுகிற ஒருவர், சுழலும்போது ஏன் தடுமாறுகிறேன் என்று கண்டுபிடிக்கவும் உதவும். தொடக்கத்துக்கு வேண்டாம்.

மிஞ்சுவது குழு வகுப்பு. இதில் சோடி மாற்றுகிறார்களா என்று காசு கட்டமுதல் கேளுங்கள். மாற்றாத வகுப்பு என்றால் நான் சேரவே மாட்டேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை "சேஞ்ச்" என்று குரல் வரும், ஒரு பக்கத்தவர் அடுத்த ஆளிடம் நகர்வார்கள். அப்போதுதான் கைகளின் குணம் தெரியவரும். ஒருவர் 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். அடுத்தவரின் கை ஈரத்துணியாகத் தொங்கும், எந்தச் சைகையும் அதில் ஏறாது. முறை என்னவென்றால், லீட் பண்ணுபவரின் (ஆட்டத்தை நடத்துபவர்) விரல்கள் கொக்கியாக வளைந்திருக்க, ஃபொலோ பண்ணுபவரின் (அதைப் பின்பற்றுபவர்) விரல்கள் அதன்மேல் தங்கும், பெருவிரலால் அழுத்துவதில்லை. ஸ்டைல்களில் ஒன்றான லொஸ் ஏஞ்சலிஸ் முறையில் ஃபொலோ வலப்பக்கம் சுற்ற, லீட்டின் கை மூன்றாவது அடியிலேயே மேலே போகத் தொடங்கவேண்டும். அப்போதுதான் அவர் ஐந்து-ஆறு-ஏழில் சுற்றி முடிப்பார். ஐந்தில் கையைத் தூக்கினால் பஸ் போய்விட்டது. இதைக் காணொளி பார்த்து மனப்பாடம் செய்யலாம், ஆனால் பத்துப் பேரின் கையில் பிழைவிட்டுப் பார்க்காமல் உடம்புக்கு வராது.

காதலியோடு, மனைவியோடு வந்து, மாறமாட்டோம் என்று ஒட்டிக்கொண்டே நிற்கும் சோடிகளைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களின் விருப்பம். முன்னேற்றம் மட்டும் மெதுவாகத்தான் வரும், ஏனென்றால் இருவரும் ஒருவரின் பிழைக்கு மற்றவர் பழகிவிடுவார்கள்.

இனி ஸ்டைல். மூன்றைச் சொல்லலாம். லொஸ் ஏஞ்சலிஸ் முறையில் முதல் அடியில் திசை மாறும். ஃபொலோ ஒரு நேர்கோட்டில் போய் வருவார், லீட் விலகி வழிவிடுவார். நியூயோர்க் முறையும் நேர்கோடுதான், ஆனால் திசை மாறுவது இரண்டிலும் ஆறிலும். எடி டொரெஸ் என்ற ஆசிரியர் இதை எண்ணிக்கையாக வகுத்துப் பரப்பினார். கியூபா முறைக்குப் பெயர் கசீனோ. 1950களில் ஹவானாவின் நடன மண்டபங்களில் உருவானது. இருவரும் ஒருவரை ஒருவர் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஆடுவார்கள். பல சோடிகள் வளையமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் சோடி மாறுவது ருவேடா.

சங்கீதம் படித்த காதுக்கு ஒரு வசதி உண்டு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் அடியில் ஆடுவது சமத்தில் எடுப்பது மாதிரி, இரண்டில் ஆடுவது அனாகத எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிய பிறகு எடுப்பது மாதிரி. கொங்கா மேளத்தின் அழுத்தமான தட்டு இரண்டில் விழுவதால், நியூயோர்க் முறைக்குப் பழகியவர்கள் அதை விட்டு வரமாட்டார்கள். ஆனாலும் தொடங்குகிறவருக்கு முதல் அடியைக் கேட்பது சுலபம். நான் லொஸ் ஏஞ்சலிஸ் முறையைத்தான் சொல்வேன். எந்த ஊர்த் தளத்திலும் அதற்கு ஆள் கிடைக்கும். மேசைகளுக்கிடையே குறுகிய இடம் என்றால் மட்டும் கசீனோ கைகொடுக்கும், நேர்கோட்டுக்கு அங்கே நீளம் காணாது.

பரதம் படித்த பெண்பிள்ளைகள் சல்சாவுக்கு வரும்போது சுவாரசியமான சண்டை ஒன்று நடக்கும். தாளம் அச்சாவாக இருக்கும், சுழலும்போது தலை நிலையாக நிற்கும். ஆனால் கால் அரைமண்டிக்கு விரியும், பாதம் தட்டடவு போட்டு நிலத்தை அடிக்கும். சல்சாவில் பாதம் சத்தமில்லாமல் எடையை மாற்றவேண்டும். இன்னொன்று, பரதத்தில் அடுத்தது என்ன என்று ஆடுபவருக்குத் தெரியும். ஃபொலோ பண்ணும்போது அதை முந்திச் செய்யாமல் காத்திருப்பதுதான் திறமை. அரங்கேற்றம் முடித்தவர்கள்தான் இதில் அதிகம் முந்துவார்கள்.

சல்சா இரவுகளில் பச்சாட்டாவும் கலந்தே போடுவார்கள். டொமினிக்கன் குடியரசின் ஆட்டம், 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்றடி வைத்து நான்காவதில் ஒரு தட்டு, வேகமும் குறைவு. சல்சாவைவிடச் சீக்கிரம் வரும். நெருங்கி ஆடுவது அது என்பதால் "ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்ற வெள்ளவத்தைக் கேள்வியும் அதில்தான் சீக்கிரம் வரும். எட்ட நின்று ஆட முழு உரிமை உண்டு. முழங்கையை உறுதியாக வைத்தால் லீட்டுக்குச் செய்தி போய்விடும். அது விளங்காதவரோடு அடுத்த பாட்டுக்கு ஆடத் தேவையில்லை.

ஆடும் இடத்திலும் இரண்டு வகை. ஹோட்டல் அல்லது பார் நடத்தும் இரவு ஒன்று, ஸ்டூடியோவே நடத்தும் சோஷியல் என்ற ஆட்ட இரவு மற்றொன்று. பாரில் ஏசி, வெளிச்சம், புது ஆட்கள். ஆனால் பியர் கிளாசோடு தளத்துக்கு வருபவர்கள், வழுக்கும் டைல், பில்லில் 10 வீத சேர்விஸ் சார்ஜும் 18 வீத வற் வரியும் ஏறும். போயா நாளில் மது விற்க முடியாது, ஆகவே அன்றைக்கு பார் இரவை எதிர்பார்க்கவேண்டாம். ஸ்டூடியோ சோஷியலில் தண்ணீர்ப்போத்தலும் ஃபேனும்தான், முகங்களும் வகுப்பில் கண்டவைதான். பிழைவிட்டால் சிரித்துவிட்டுத் திரும்ப எண்ணத் தொடங்குவார்கள். முதல் சில மாதங்களுக்கு இது, பிறகு பார். ஒரேயடியாக பாருக்குப் போனவர்களில் பலர் சுவரோரம் நின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

பாருக்குப் போனால் நேரத்தோடு போங்கள். தளம் வெறுமையாக இருக்கும், நன்றாக ஆடுகிறவர்களும் அப்போது கேட்டால் மறுப்பது குறைவு. மறுத்தால் விளக்கம் கேட்காமல் நகருங்கள். ஆடும்போது பாடம் எடுக்காதீர்கள், சொல்லாமல் யாரையும் பின்னால் சாய்க்காதீர்கள். கொழும்பு வெக்கைக்கு ஒரு லேஞ்சி போதாது, மாற்றுச் சேர்ட் ஒன்றும் பையில் இருக்கட்டும். றப்பர் அடிச் சப்பாத்து நிலத்தில் ஒட்டி முழங்காலைத் திருகும், தோல் அடி உள்ளதே நல்லது. இரவு பிந்தினால் காலி வீதியில் பஸ் குறைந்துவிடும், பிக்மி வாடகை வண்டிக்கான காசைக் குடிக்கும் காசோடு கலக்காதீர்கள். கடைசியில் டிஜே பைலா போட்டால் எட்டு எண்ணிக்கையை மறந்துவிடலாம். அது ஆறு-எட்டுத் தாளம், அதற்கு இந்த ஊரில் யாருக்கும் வகுப்புத் தேவையில்லை.