செதுக்கியவர் குறையா, அச்சின் குறையா? மினியேச்சர் வீரர்கள் ஓர் ஒப்பீடு

மினியேச்சர் போர்வீரர்களைச் சேர்ப்பவர்களில் பலர், ஒரு உருவத்தைக் கையில் எடுத்ததும் பொத்தானைத் தேடுகிறார்கள். பொத்தான் எண்ணும்படி இருக்கிறதா, பெல்ட் பக்கிள் தெரிகிறதா, மீசை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அருமையான வேலை என்று முடித்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இடுப்பை. ஒரு ஆள் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களின் வாசலில் பாதி வேலையில் நிற்கும் சிலைகளைக் கவனித்தால் தெரியும்: கண்ணும் மூக்கும் வருவதற்கு முன்பே உடம்பு நின்றுவிடும். அது நிற்கவில்லை என்றால் மேலே எத்தனை பொத்தான் வைத்தும் பயனில்லை.

இரண்டாவது விஷயம், குறை யாருடையது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இதில் நம்ம கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் ஷாப்பிலோ அச்சு செய்யும் டை மேக்கிங்கிலோ வேலை பார்த்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். பிளாஸ்டிக் வீரன் ஒருவனைக் காட்டி, துப்பாக்கிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஏன் இப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அப்படியொரு நண்பரிடம் கேட்டேன். "ஏனுங்க, மோல்டு தொறந்து பொருள் வெளிய வரோணுமல்லங்க?" என்றார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சில் அண்டர்கட், அதாவது அச்சு திறக்கும்போது மாட்டிக்கொள்ளும் உள்குழிவு, விட முடியாது. கைக்குக் கீழே, பைக்குப் பின்னால் இருக்கும் இடமெல்லாம் நிரம்பிவிடும். அந்தக் கணக்கைச் செதுக்கியவர் மேல் எழுதக்கூடாது.

நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கான 1/72 சாஃப்ட் பிளாஸ்டிக் உருவங்களில் இது நன்றாகத் தெரியும். இந்த அளவில் 170 சென்டிமீட்டர் ஆள் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தலை 3 மில்லிமீட்டர். ஏறக்குறைய இதே அளவில் பிரிட்டிஷ் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1959-இல் காவற்படை இசைக்குழுவோடு ஆரம்பித்தது. ஆரம்பகாலத் தொகுப்புகள் பலவற்றைச் செதுக்கியவர் ஜான் நிப்லெட். இன்றைய கண்ணுக்கு அவை மழுங்கலாகத்தான் தெரியும். ஆனால் ஓடுகிறவன் ஓடுகிறான், குனிகிறவன் குனிகிறான். ரஷ்ய நிறுவனமான ஸ்வெஸ்தா நுணுக்கத்தில் எங்கேயோ இருக்கிறது. கையையும் ஆயுதத்தையும் தனித்துண்டாகக் கொடுப்பதால் உடம்பு இடுப்பிலிருந்து திரும்பவும் முடிகிறது. இரண்டையும் வைத்துக் கேட்டால் என் ஓட்டு ஸ்வெஸ்தாவுக்குத்தான். காரணம் அதன் பொத்தான் இல்லை, அந்தத் திருப்பம்.

ஒரே துண்டாக வரும் உருவத்தில் எல்லாச் செயலும் ஒரே தளத்தில் நடக்கும். நம்ம ஊர் நடுகல்லில் வில்லோடு நிற்கும் வீரனைப் போல, கையும் காலும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். நடுகல்லை முன்னால் நின்றுதான் பார்க்கிறோம், அங்கே அது அழகு. கையில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் பொம்மையில் அது குறை. வாங்கும்முன் உருவத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பாருங்க. அப்பவும் அவன் என்ன செய்கிறான் என்று புரிந்தால் நல்ல உருவம்.

28 மில்லிமீட்டர் உயர உருவங்களுக்கு வந்தால் பிரிட்டிஷ் செதுக்குநர்களான பெர்ரி சகோதரர்களைத் தாண்டிப் போக முடியாது. ஆலன், மைக்கேல் இருவரும் இரட்டையர்கள். மைக்கேல் பெர்ரி 1996-இல் பிரான்ஸின் கிரெசியில் நடந்த போர் மறுநடிப்பில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். அப்புறம் இடது கையால் செதுக்கப் பழகி, தொழிலைத் தொடர்ந்தார். அதற்குப் பின் வந்த உருவங்களில் கை மாறிய தடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வெளியிடுவதால் நமக்கு ஒரு அருமையான சோதனை கிடைக்கிறது: செதுக்கும் பாணி ஒன்று, அச்சு இரண்டு. உலோக உருவம் ரப்பர் அச்சில் சுழற்றி வார்க்கப்படுவது. ரப்பர் வளைந்து கொடுக்கும், அதனால் சின்ன அண்டர்கட் பிழைக்கும். தோளிலிருந்து இறங்கும் வார், விலாப்பக்கம் திரும்பும்போதும் தொடர்ந்து போகும். பிளாஸ்டிக்கில் அதே வார் பக்கவாட்டுக்கு வந்ததும் மழுங்கி மறைந்துவிடும். பதிலுக்குத் துப்பாக்கி மெல்லியதாகவும் நேராகவும் வரும். உலோகத்தில் அது வளையும்.

முழங்காலிட்டுச் சுடும் வீரனைக் கொண்டு இதைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கழுத்து நேராக இருக்கிறது. துப்பாக்கிக் கட்டை தோளுக்குக் கீழே, நெஞ்சில் முட்டுகிறது. கண் குழலுக்கு மேலே எங்கேயோ பார்க்கிறது. அவனுடைய சட்டையில் தையல்கூடத் தெரியும். இன்னொருவன் பெர்ரி உலோகம். தலை சாய்ந்து கன்னம் கட்டையில் பதிந்திருக்கிறது, வலது முழங்கை தூக்கியிருப்பதால் கோட்டின் முதுகு அந்தப் பக்கமாக இழுபடுகிறது. துணிக்குள்ளே ஒரு தோள்பட்டை இருக்கிறது என்று அந்த ஒரு மடிப்பு சொல்லிவிடுகிறது. முதலாமவனிடம் இருப்பது அச்சின் குறை இல்லை. கழுத்தைச் சாய்க்க எந்த அச்சும் தடை சொல்லாது.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 1 மில்லிமீட்டர் தடிமனான துணி, 1/72-இல் 0.014 மில்லிமீட்டர். அப்படியே செதுக்கினால் ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாரும் மிகைப்படுத்தித்தான் ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதில்தான் கலை. விளையாட்டு மேசைக்கென்று தலையையும் கையையும் பெரிதாக்கும் ஹீரோயிக் பாணி மூன்றடி தள்ளி நின்றால் நன்றாக இருக்கும். அலமாரியில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அது ஒட்டவில்லை.

ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் 1/35 போர்வீரர் உருவ வரிசை 1968-இல் தொடங்கியது. ஆள் 49 மில்லிமீட்டர் வருவதால் செதுக்குபவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பழைய உருவங்கள் கொஞ்சம் விறைப்பு. சமீபத்தில் உண்மையான ஆட்களை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச் செய்பவை நிற்பதில் கில்லாடி. ஆனால் மடிப்புகள் நிஜ ஆழத்திலேயே இருப்பதால் வண்ணம் பூசும்போது நிழலை நாம்தான் உண்டாக்க வேண்டும். பிரிட்டன்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் பழைய ஈய வீரர்களை, 1893-இலிருந்து உள்ளீடற்ற வார்ப்பில் வந்த அந்த 54 மில்லிமீட்டர்க்காரர்களை, இந்த வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடுவது தப்பு. அவை பளபளப்பான வண்ணத்துக்காகச் செய்த பொம்மைகள்.

முப்பரிமாண ரெசின் பிரிண்டில் வார்க்கும் அச்சே கிடையாது, அண்டர்கட் தொல்லை போயே போச்சு. ஆனால் திரையில் பெரிதாக்கிச் செதுக்குகிறவர், கையில் வரும்போது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கம் காணாமல் போகும் என்பதை மறந்துவிடுகிறார். இன்னொன்று, ஒரே உடம்பின் கையைக் காலை மட்டும் திருப்பிப் பத்து வீரர்களாக விற்பது. கை மேலே போயிருக்கும், அக்குள் மடிப்பு கை கீழே இருந்தபோது இருந்த மாதிரியே இருக்கும். இதைக் கண்டால் வாங்க வேண்டாம். தொப்பியின் மேல்வளைவில் படிப்படியாகக் கோடு தெரிந்தால் அது பிரிண்ட் எடுத்தவர் வேலை, அதற்காக வடிவமைப்பாளரைத் திட்ட வேண்டியதில்லை.

திப்பு சுல்தானின் மைசூர்ப் படையோடு நடந்த நம்ம பக்கத்துப் போர்களை, அதாவது 1790 சத்தியமங்கலத்தையோ 1791 கோவைக் கோட்டை முற்றுகையையோ, மேசையில் அமைக்க நினைப்பவர்கள் வீரர்களை விட மாடுகளை முதலில் தேடுங்கள். பீரங்கியை இழுத்தவை அவைதான். ஐரோப்பிய வண்டிமாட்டை அப்படியே பூட்டினால் திமில் இருக்காது. காங்கேயம் மாட்டோடு வளர்ந்த கண்ணுக்கு அது உடனே உறுத்தும். திமில் வைத்தவற்றிலும் பாருங்கள்: அது தோள்களுக்கு மேலே கழுத்தோடு சேர்ந்து எழ வேண்டும், முதுகு நடுவில் இல்லை. நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்கார வேண்டும். மைசூர்ப் படைக்கு அமிர்தமகால் மாடு என்றால் கொம்பு நெருக்கமாகக் கிளம்பிப் பின்னோக்கி நீண்டு கூராக முடியும். காங்கேயம் கொம்பை அதில் வைக்கக்கூடாது. கிடைக்கவில்லை என்றால் திமிலையும் கொம்பையும் இரண்டு கலவை எபாக்சி புட்டியில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். உலோக மாடு அதற்கு வசதி, கொம்பை வெட்டிக் கம்பி செருக இடம் கொடுக்கும்.