கூழாங்கல்லின் வேரைக் காட்டும் ஓர் இணைய அகராதி

பிரெஞ்சில் கல்லுக்குரிய பொதுச்சொல்லான 'பியேர்' கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்தது. கூழாங்கல்லைக் குறிக்கும் 'கயூ' அப்படிப்பட்டதன்று. ரோமானியர் வருமுன் அந்நிலத்தில் வழங்கிய காலிஷ் என்னும் கெல்டிக் மொழியின் எச்சம் அது. இந்த ஒரு சொல்லை உரைகல்லாக வைத்தே, 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக அச்சில் வெளிவந்து, இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 'பிரெஞ்சு மொழிக் கருவூலம்' என்ற அகராதியை மதிப்பிடுகிறேன்.

பொருள் விளக்கங்களையும் இலக்கிய மேற்கோள்களையும் கடந்து பதிவின் இறுதிக்கு வந்தால் சொற்பிறப்புப் பகுதி இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அகராதியின் உயிர் அங்கேதான். சொல்லின் முதலெழுத்தே ஒரு தடயம். லத்தீனின் 'க' பாரிஸ் வட்டாரத்தில் 'ஷ' ஆகத் திரிந்தது. வடக்கே நார்மண்டியிலும் பிக்கார்டியிலும் திரியாமல் நின்றது. ஆகவே 'கயூ' வடபுல வடிவம். அதற்கு இணையாக 'ஷயூ' என்ற பழைய வடிவமும் உண்டு. ஈற்றிலுள்ள 'ஊ' காலிஷ் விகுதியான 'அவோ'வின் தேய்வு. ஆந்தெகாவி என்ற காலிஷ் குடியின் பெயர் 'ஆன்ஷூ' என்ற நிலப்பெயராகச் சுருங்கியதும் இதே போக்கில்தான்.

விகுதியை நீக்கினால் எஞ்சுவது 'கல்யோ' என்ற அடி. அதைக் கண்டதும் தமிழ் வாசகரின் மனம் நம் 'கல்'லை நோக்கி ஓடும். என் மனமும் ஓடியது. ஆனால் அச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு நட்சத்திரக் குறி நிற்கிறது. எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் காணப்படாமல், பிற்கால வடிவங்களைக் கொண்டு மீட்டமைக்கப்பட்ட சொல் இது என்பதே அதன் பொருள். ஓரசை ஒலியொப்புமையை மட்டும் நம்பி இரு மொழிக்குடும்பங்களை உறவாக்கிவிடக் கூடாது என்று தடுப்பதும் அந்தக் குறிதான். அறிந்ததையும் ஊகித்ததையும் இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டுவதை இந்த அகராதியின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. சொற்பிறப்புப் பகுதி முழுவதும் சுருக்கக் குறியீடுகளால் நெருக்கப்பட்டிருப்பதால், பழகாதவர் ஒரு வரியைப் படிக்கவே திணறுவார். பிரெஞ்சு வாசிப்பறிவும் கட்டாயம் வேண்டும். போர்த்துக்கீசிய 'கல்யாவு' போன்ற உறவுச் சொற்களை விரிவாகத் தொடர விரும்புவோர், வால்ட்டர் ஃபொன் வார்ட்பூர்க் 1922-இல் வெளியிடத் தொடங்கிய பெரும் சொற்பிறப்பியல் அகராதியையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்.