கீழக்கரையில் லைட் லீக் பார்க்கத் தெரிந்த கடிகாரக் கடை

பழைய ஃபிலிம் கேமராவை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சிலர் இருக்கிறோம். கேமராவுக்குள் எங்கோ வெளிச்சம் ஒழுகி (இதைத்தான் லைட் லீக் என்கிறோம்) படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழ ஆரம்பித்தால் உடனே மதுரைக்கோ சென்னைக்கோ பார்சல் கட்ட வேண்டாம். கீழக்கரை கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. என் பென்டாக்ஸ் கே1000 அவர் கைக்குப் போய் வந்து, அதில் நல்ல வெயிலில் ரோல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை ஃபிலிமில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எடுத்த கலர் ரோலில் பாதிப் படங்களில் மேலிருந்து கீழாக ஆரஞ்சுப் பட்டை. முதலில் காட்டிய இடத்தில் செல்போனில் ஸ்கேனைப் பார்த்த கையோடு "ஷட்டர் போச்சு, மாத்தணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். கேமராவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனசு ஒப்பாமல் திருப்பி வாங்கி வந்துவிட்டேன்.

பாய் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி. "நெகட்டிவ் கொண்டாந்தீங்களா தம்பி?"

நல்லவேளை, பையில் இருந்தது. கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பட்டை படத்துக்குள் மட்டும் நிற்கவில்லை, ஓரத்து ஓட்டைகளையும் தாண்டிப் போயிருந்தது. "ஷட்டரோ லென்ஸோ காரணம்னா படச் சதுரத்துக்குள்ளதான் கறை விழும். ஓட்டை வரைக்கும் வந்திருக்குன்னா பின்கதவுப் பக்கம்" என்றார். நிறமும் அதையே சொல்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஃபிலிமின் முதுகு வழியாக நுழைகிறது. கலர் நெகட்டிவில் சிவப்பு ஒளியைப் பிடிக்கும் அடுக்கு அந்த முதுகை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால்தான் பிரிண்டில் சிவப்பும் ஆரஞ்சுமாக வருகிறது. முன்பக்கம் வழியாக ஒழுகினால் பெரும்பாலும் வெளிறிப்போய்த்தான் தெரியும்.

அடுத்து அவர் செய்ததைப் பார்க்கத்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, நெகட்டிவ் துண்டைப் படம் எடுத்தபோது இருந்த மாதிரியே, தலைகீழாக, மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க, கேமராவுக்குள் ஃபிலிம் மேல் வெளிச்சம் விழும் ஜன்னலின் மேல் வைத்தார். பட்டை விழுந்த இடத்துக்கு நேரே கதவில் ஒரு குறையும் இல்லை. துண்டை ஒரு படம் அளவு வலப்பக்கம் நகர்த்தினார். இப்போது பட்டை, ஃபிலிமை இழுக்கும் பல்சக்கரத்தைத் தாண்டி, கதவின் கீலை ஒட்டிய இடத்துக்குப் போய் நின்றது. வெளிச்சம் நுழையாமல் அடைக்க அங்கே ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்சைக் குச்சியால் தொட்டார், தார் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. அதாவது, கறை பட்ட படம் ஏற்கெனவே எடுத்து முடித்த படம். அதைச் சுற்றிவிட்டு அடுத்த படத்துக்காக நான் பாலத்தடியில் வெயிலில் காத்திருந்தபோதுதான் கீல் வழியே வெளிச்சம் இறங்கியிருக்கிறது. மளமளவென்று எடுத்த படங்களில் பட்டை ஏன் மங்கலாக இருந்தது என்பதும் அப்போது விளங்கியது.

ஷட்டரையும் அவர் விட்டுவிடவில்லை. லென்ஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தூக்கிப் பிடித்து, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தார். வைண்ட் பண்ணுவதற்கு முன் ஒரு முறை, பண்ணிய பிறகு ஒரு முறை. ஷட்டரின் இரண்டு திரைகளையும் பார்க்க வேண்டுமென்றால் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை. முதல் இடத்தில் சொன்ன தொகையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கே1000 உற்பத்தி 1997லேயே நின்றுவிட்டது. அதில் ஒட்டிவந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைகிற பொருள். நம் ஊர்க் கடற்காற்றில் அது பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

வேலை சுத்தம். ஷட்டர் திரை மேல் தூசி விழாதபடி காகிதம் வெட்டி மூடிவிட்டு, மூங்கில் குச்சியும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் கொண்டு பழைய பிசினைச் சுரண்டி எடுத்தார். அசிட்டோன் பக்கமே போகவில்லை, அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கதவு வந்து பதியும் மெல்லிய பள்ளங்களில் கறுப்பு உல்லன் நூலை அழுத்திப் பதித்தார். கீல் பக்கம் புது ஸ்பாஞ்ச். கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலிருந்த ஸ்பாஞ்சும் உதிர ஆரம்பித்திருந்தது, அதையும் நான் கேட்காமலே மாற்றினார். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

குறையும் இருக்கிறது. வேலை முடிந்ததும் போன் பண்ணிச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை, நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடிகார வேலை குவிந்தால் கேமரா பின்னால் போய்விடும், எனக்கு வாரக்கணக்கில் இழுத்தது. பில் கிடையாது. உல்லன் நூல் புதிதாக இருப்பதால் கதவு கொஞ்சம் இறுக்கமாக மூடுகிறது. எலெக்ட்ரானிக் ஷட்டர் உள்ள கேமராக்களை அவர் எடுப்பதில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

பழுது தீர்ந்ததா என்றால், தீர்ந்தது. தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் வேண்டுமென்றே கேமராவைத் திறந்த வெளியில் வைத்து வைத்து எடுத்தேன். ரோல் முழுக்க ஓரங்கள் சுத்தமாக வந்திருக்கின்றன. பாலத்தையும் திரும்ப எடுத்துவிட்டேன்.

ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி பஸ்ஸில் ஏறினால் கீழக்கரையில் இறங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பகலில் ஜும்மா முடியும்வரை கடை பூட்டியிருக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இப்போது நிறைய லேப்களில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, முடிந்தால் வெட்டாமல் முழுச் சுருளாக வாங்கி, கேமராவோடு பாயிடம் கொண்டுபோங்கள்.